லாராஸுக்கு விவாகரத்து வேண்டாம்

காலை ஆறே முக்காலுக்கு லாராஸ் சமையலறைக் கதவைத் திறந்தாள். திறந்து என்ன பார்த்தாள் என்பது குணாதிக்குத் தெரியவில்லை. மணி ஏழே கால் ஆயிற்று. அவள் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

லாராஸாக நடிக்கிற பெண்ணுக்கும் தெரியாது. சிபுபுரில் படப்பிடிப்புக்கு எடுத்த ஒரு வாடகை பங்களாவில், ஒரு புருவம் வரைந்து மறு புருவம் வரையாமல், ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து அவள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் குணாதி காட்சியை எழுதி அனுப்ப வேண்டும். பத்தரைக்குப் படம் பிடிப்பார்கள். மத்தியானம் வெட்டி ஒட்டி இசை சேர்ப்பார்கள். சாயங்காலத் தொழுகை முடித்து ஜனங்கள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காரும்போது அது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும். 'லாராஸின் பொறுமை' தொடர் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நாளாக இப்படித்தான் ஓடுகிறது.

வேறு தேசங்களில் ஒரு கதையை இரண்டு வருடம் உட்கார்ந்து யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும். எங்கள் ஊரில் காலையில் எழுதினால் இரவுச் சாப்பாட்டுக்கு அழுதாக வேண்டும். லாராஸாக நடிக்கிற பெண் ஒப்பனை போடப் போட வசனத்தை மனப்பாடம் செய்துவிடுவாள். கேமரா இடது பக்கம் இருந்தால் இடது கண்ணில் மட்டும் கண்ணீர் விடுவாள், வலது பக்க மை கலையாது. இவர்களையெல்லாம் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

குணாதிக்கு வயது நாற்பத்தொன்று. ஒல்லியான ஆள், லுங்கி கட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவார். தொடரில் எழுத்தாளர் பெயர் 'அனிந்திதா' என்று வரும். அது புனைபெயர். சந்தில் யாருக்கும் அது அவர்தான் என்று தெரியாது. காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

காரணம் இருந்தது. முன்பு குடியிருந்த தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிருந்தது. ஒருத்தர் வந்து மாமியாரைச் சீக்கிரம் சாகடி என்பார். இன்னொருத்தர் தன் மச்சானுக்கு டாக்டர் வேஷம் கேட்பார். கதையில் ஒரு நல்ல தாத்தாவைக் குணாதி விபத்தில் கொன்ற வாரம், முக்குக் கடை அம்மாள் அவருக்குத் தெம்பே என்கிற சோயா வறுவல் தர மாட்டேன் என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றாள். அதனால்தான் வீடு மாற்றிக்கொண்டு சிராகாஸில் இந்தச் சந்துக்கு வந்தார்.

வந்த பிறகுதான் இந்தச் சந்து தங்கச் சுரங்கம் என்று தெரிந்தது.

தினமும் ஏழரைக்குக் கோசிம் மாமாவின் காய்கறி வண்டி, தியூர்மா அக்கா வீட்டு வாசலில், ஜம்பு மரத்தடியில் வந்து நிற்கும். பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டுச் சங்கதியைப் பேசுவார்கள். குணாதியின் மனைவி ரத்ரி ஆஸ்பத்திரி நர்ஸ், காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கே போய்விடுவாள். அதனால் காய் வாங்குகிற சாக்கில் அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒரே ஆம்பளை குணாதி. அவர் வண்டியை நெருங்கும்போதெல்லாம் கோசிம் மாமா இரண்டு தரம் இருமுவார். பாவம், வயதான மனிதர், அவருக்குத் தொண்டை எப்போதும் சரியில்லை. பெண்கள் ஒரு நிமிடம் மௌனமாகி, பிறகு பேச்சைத் தொடங்குவார்கள். குணாதி ஒரு கட்டு கங்குங் கீரை வாங்கிக்கொண்டு, காதில் விழுந்ததை வீட்டுக்கு எடுத்துப்போய், பெயரை மாற்றி எழுதிவிடுவார்.

போன வருடம் தொடரில் வந்த சொத்துத் தகராறு, பொய் வைரத் தோடு, மக்காவுக்கு உம்ரா போவதாகச் சொல்லிவிட்டு பாலித் தீவுக்குப் போன பெரியப்பா எல்லாம் இந்தச் சந்தில் கிடைத்ததுதான். ரத்ரிதான் பாவம், இரண்டு வருடமாகக் கங்குங் கீரை சாப்பிடுகிறாள்.

அன்று திங்கட்கிழமை. லாராஸைக் கதவருகிலேயே விட்டுவிட்டு குணாதி பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். கோசிம் மாமா இருமினார். நாலாம் வீட்டு இமாஸ் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இமாஸின் கணவன் டாடாங் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வாய் திறக்காத சாது. அவன் இன்னொரு போன் வைத்திருக்கிறானாம். இமாஸ் அன்று விடியற்காலை அரிசி எடுக்கப் பானைக்குள் கைவிட்டபோது, பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி அரிசிக்கு அடியில் கிடைத்ததாம். அதில் ஒரே ஒரு எண்தான் இருந்ததாம். 'பஞ்சர் கடை' என்று பெயர் போட்டிருந்ததாம்.

"பஞ்சர் கடைன்னா பஞ்சர் கடையாத்தான் இருக்கும், விடு," என்றாள் தியூர்மா அக்கா. அவள் குரல் அடுத்த சந்து வரைக்கும் கேட்கும்.

"அந்தப் பஞ்சர் கடை தினம் மத்தியானம் 'சாப்டாச்சா'னு மெசேஜ் அனுப்புது அக்கா," என்றாள் இமாஸ்.

குணாதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கீரையை வாங்கினாரா, பாக்கிச் சில்லறை வாங்கினாரா, எதுவும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த வேகத்தில் லாராஸ் சமையலறைக்குள் போனாள், அரிசிப் பானையைத் திறந்தாள், கையை விட்டாள். ஒன்பது ஐம்பதுக்குக் காட்சி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பார்வையாளர் கணக்கு வந்தது. நாட்டிலேயே முதலிடம். தயாரிப்பாளர் மெலிண்டா மேடம் போனில் கூப்பிட்டு, உங்கள் கையைக் காப்பீடு செய்து வையுங்கள் என்றார். குணாதி சந்தோஷமாகப் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அங்கே இமாஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தன் வீட்டு மானம் நாடு பூராவும் ஒளிபரப்பாகிவிட்டது என்றாள். அரிசிப் பானை, பிளாஸ்டிக் உறை, பஞ்சர் கடை, ஒன்றுகூட மிச்சமில்லை.  குணாதி வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

தியூர்மா அக்காவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "அந்த அனிந்திதா வாழ்க்கையில ரொம்ப அடிபட்டவ போலிருக்கு. புருஷன் கிட்ட ஒதை வாங்காம இப்படி எழுத வராது," என்றாள். "நீ என்ன சொல்ற தம்பி?"

இருக்கலாம் என்று குணாதி முணுமுணுத்தார்.

அப்போதுதான் இமாஸ் எழுந்து நின்று அதைச் சொன்னாள்.

"எனக்கும் லாராஸுக்கும் ஒரே தலையெழுத்து. இனிமே அவ என்ன செய்யறாளோ அதையேதான் நானும் செய்வேன். அவ மன்னிச்சா நானும் மன்னிக்கிறேன். அவ விட்டுட்டுப் போனா, நானும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு காரூத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

 இத்தனை நாளும் பிறர் வீட்டுக் கதையைத் திருடி எழுதிய குணாதி, இப்போது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே எழுத வேண்டிய இடத்தில் நின்றார். இமாஸுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போகிறவள். அந்தக் குடும்பம் உடைந்தால் அது தன் கையால் உடைந்ததாகத்தான் ஆகும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அன்றைக்கே சரிசெய்யப் பார்த்தார். தொடரில் லாராஸின் கணவன் ஆர்யோ தப்பே செய்யவில்லை என்று எழுதினார். பஞ்சர் கடை என்பது அவனுடைய சொந்தத் தங்கை. சிறுவயதில் பெருவெள்ளத்தில் பிரிந்தவர்கள். போன மாதம்தான் கண்டுபிடித்தான். திடீரென்று சொன்னால் லாராஸ் மயங்கி விழுவாள் என்று மறைத்து வைத்திருந்தான். அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள், லாராஸ் இரண்டு கண்ணாலும் அழுதாள். மெலிண்டா மேடம் முணுமுணுத்தார், ஆனாலும் நேரமில்லாததால் படம் பிடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை குணாதி நிம்மதியாகக் காய் வாங்கப் போனார். கோசிம் மாமாவுக்கு இருமல் தாங்கவில்லை. இமாஸ் இந்த முறை அழவில்லை, பொரிந்துகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் தொடர் முடிந்து விளம்பரம்கூட வரவில்லை, டாடாங் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நானும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தானாம். பஞ்சர் கடை என் தங்கை, சிறுவயதில் வெள்ளத்தில் பிரிந்துவிட்டோம் என்றானாம்.

"அவங்க ஊரு மலை உச்சியில இருக்கு," என்றாள் இமாஸ். "அங்க எங்கேர்ந்து வெள்ளம் வரும்?"

டிவியைப் பார்த்துப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டவனை இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று தலையணையோடு வெளியே அனுப்பிவிட்டாளாம். அவன் சந்து முனையில் இரவுக் காவலுக்குப் போட்ட காவல் கொட்டகையில் படுத்துக்கொண்டானாம்.

வீட்டுக்கு வந்த குணாதி, இதை எழுதவே கூடாது என்று தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஒன்பதரைக்கும் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு, லாராஸ் ஆர்யோவைப் பார்த்து, மலை உச்சியில் எங்கிருந்து வெள்ளம் வந்தது என்று கேட்டுவிட்டாள்.

எழுத்தாளன் சத்தியம் அவ்வளவுதான்.

அந்த ஒரு வசனம் நாட்டையே ஒரு உலுக்கு உலுக்கியது. எங்கள் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமே, கையில் போன் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு இணை உலகத்தில் கிடையாது. மறுநாள் மத்தியானத்துக்குள் பாதி நாடு அந்த வசனத்தை வாயசைத்து வீடியோ போட்டுவிட்டது. எரிமலை உச்சியில் ஏறிய இளவட்டங்கள் ரப்பர் மிதவையைக் கட்டிக்கொண்டு, வெள்ளத்துக்குக் காத்திருப்பதாகப் படம் பிடித்துப் போட்டார்கள். சுரபாயாவில் டங்டுட் என்கிற குத்துப்பாட்டுப் பாடுகிற ஒரு பாடகி அதை வைத்தே ஒரு பாட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கல்யாண வீடுகளில் ஆடவிட்டாள். மெலிண்டா மேடம் போனில் அழுதார். குணாதிக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இனி தொடரை நம்பிப் பயனில்லை, நேரிலேயே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், சோறும் கங்குங் கீரை வதக்கலும் பொட்டலம் கட்டிக்கொண்டு காவல் கொட்டகைக்குப் போனார். டாடாங் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். குணாதி கூடப்பிறந்தவன் மாதிரி நிறையப் புத்தி சொன்னார். டிவியில் வருவதெல்லாம் யாரோ ஒரு சோம்பேறி அவசரத்தில் எழுதுவது, அதைக் கேட்டுக் குடும்பம் நடத்தாதே என்றார். ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றார். டாடாங் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கீரையை மட்டும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை, டாடாங் தலை முழுக்கக் கட்டுப்போட்டுக்கொண்டு தியூர்மா அக்கா வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பூ வாங்கப் போகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டானாம். அடி பெரிதில்லை, ஆனால் நினைவு போய்விட்டது. பேர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, கட்டின பெண்டாட்டியைத் தெரியவில்லை.

"என்னைப் பாத்து 'நீங்க யாருங்க'ன்னு கேக்கறார் தம்பி," என்று இமாஸ் குணாதியிடம் சொன்னாள். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா எனக்கு மரியாதை கொடுத்துப் பேசறார்."

குணாதி கோசிம் மாமாவின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூ வாங்கப் போகச் சொன்னது அவர். டாடாங் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் யார், மளிகைக் கடைக்காரரா என்று தியூர்மா அக்காவிடம் விசாரித்தான்.

அதையும் எழுதினார். எழுதாமல் என்ன செய்வார், பத்து மணி வந்துகொண்டிருந்ததே. ஆனால் இந்த முறை ஆர்யோவுக்கு நல்ல மருத்துவமும், லாராஸுக்கு அளவில்லாத பொறுமையும் கொடுத்தார். அவள் நினைவில்லாத கணவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், தலைவாரிவிட்டாள், கல்யாணப் படத்தைக் காட்டினாள். இமாஸும் அப்படியே செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வரியும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை இமாஸ் வாசலில் உட்கார்ந்து டாடாங்குக்குக் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எழுதின எதுவும் இதுவரை யாருக்கும் கஞ்சி ஊட்டியதில்லை.

ரத்ரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ஷிப்டு முடிந்த அலுப்போடு கேட்டுவிட்டு, "பைக்ல விழுந்தா இப்படி ஞாபகம் போகாதுங்க. உங்க சீரியல்ல மட்டும்தான் போகும்," என்றாள்.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் குணாதி.

மறு திங்கட்கிழமை எட்டு மணிக்கு மெலிண்டா மேடம் கூப்பிட்டார். குரலில் இனிப்பு வழிந்தது. வழிந்தால் ஏதோ வம்பு என்று அர்த்தம். ஆர்யோவாக நடிக்கிறவன் பேய்ப்படத்தில் நடிக்கப் போய்விட்டானாம். இப்போதெல்லாம் எல்லாரும் பேய்ப்படத்துக்குத்தான் போகிறார்கள், எங்கள் நாட்டில் புருஷனை விடப் பேய்க்குத்தான் மவுசு. அதனால் லாராஸ் இன்றே கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கிவிட வேண்டும். அவளுக்காக ஒரு பணக்கார டாக்டர் கதாநாயகன் தயாராக உட்கார்ந்திருக்கிறான், பத்தரைக்கு அவன் அறிமுகக் காட்சி.

"மேடம், லாராஸ் விவாகரத்து வாங்க மாட்டா," என்றார் குணாதி.

"ஏன்? அவ உங்களுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"பக்கத்து வீடு மேடம்."

 மேடம், குரலில் இருந்த இனிப்பையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டுப் பேசினார். பத்து மணிக்குள் விவாகரத்துக் காட்சி வந்தாக வேண்டும். வராவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் எழுதுவார். தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள் எழுதினதற்கு நன்றி.

குணாதி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இந்தத் தொடரை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது ரத்ரிக்குக்கூட முழுசாகத் தெரியாது. காய்ச்சலில் எழுதியிருக்கிறார், மாமனார் இறந்த அன்று துக்க வீட்டுக் கொல்லையில் நின்று போனிலேயே எழுதியிருக்கிறார். சாயங்காலம் ஆறரைக்குச் சந்தில் நடந்து போனால் இரண்டு பக்கமும் எல்லா வீட்டிலிருந்தும் லாராஸின் அழுகை கேட்கும். ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டே போகலாம். மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை இப்போது விட வேண்டும்.

ஆனால் தான் எழுதாவிட்டாலும் வேறொருவர் எழுதத்தானே போகிறார். நாளைக்கோ மறுநாளோ லாராஸ் கோர்ட் படி ஏறுவாள். அன்றைக்கு இமாஸ் காரூத்துக்குப் பஸ் ஏறுவாள். கஞ்சி ஊட்ட ஆளில்லாமல் நினைவில்லாத டாடாங் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். இதற்கு ஒரே வழிதான் இருந்தது. லாராஸ் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று இமாஸிடம் சொல்லிவிடுவது. அவளை எழுதுவது ஒரு லுங்கி கட்டின ஆள் என்று சொல்லிவிடுவது.

சொன்னால் சந்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் காய் வாங்குகிற சாக்கில் ஒட்டுக் கேட்டவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். தியூர்மா அக்கா ஒருத்தி போதும், வீட்டைக் காலிசெய்ய வைக்க. ஆனாலும் பையை எடுக்காமல் அப்படியே கிளம்பினார். பை இல்லாமல் அந்த வண்டிக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. மணி எட்டரை.

அந்த நேரத்தில் அவர் வழக்கமாக வருவதில்லை. மரத்தடியில் பெண்கள் கோசிம் மாமாவைச் சுற்றித் தலையோடு தலை சேர்த்து நின்றார்கள். அவர் ஏதோ சொல்ல, எல்லாரும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இமாஸின் காலடியில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று குணாதி நினைத்துக்கொண்டார். டாடாங் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுக்கு அடியில் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான்.

"இமாஸ் அக்கா, பெட்டியக் கீழ வைங்க," என்றார் குணாதி. பெட்டி ஏற்கெனவே கீழேதான் இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லாராஸ்னு யாரும் இல்ல அக்கா. அனிந்திதாவும் இல்ல. அது நான்தான். ரெண்டு வருஷமா நீங்க இங்க பேசறதக் கேட்டுக் கேட்டு வீட்டுக்குப் போய் எழுதறேன். உங்க அரிசிப் பானையத் திருடினவன் நான். அவரைப் பூ வாங்க அனுப்பினவனும் நான். லாராஸ் இன்னிக்கு விட்டுட்டுப் போவா. ஏன் தெரியுமா? அவ புருஷனா நடிக்கிறவன் பேய்ப்படத்துக்குப் போயிட்டான். அவ்ளோதான் காரணம். அதுக்காக நீங்க உங்க வீட்டுக்காரர விட்டுட்டுப் போகாதீங்க. என்னை என்ன வேணாலும் திட்டுங்க, நாளைக்கே வீட்டக் காலி பண்ணிடறேன். ஆனா அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

சொல்லி முடித்தார். ஒரு பெண்ணின் வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற எண்ணம் மட்டும்தான் அவரை நிற்க வைத்தது.

யாரும் திட்டவில்லை. தியூர்மா அக்கா, வாழ்நாளில் முதல் தடவையாக, பேச்சில்லாமல் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இமாஸின் முகம் சிவந்துவிட்டது. அவள் குணாதியைப் பார்க்கவில்லை, கோசிம் மாமாவைப் பார்த்தாள். டாடாங்கும் சொறிவதை நிறுத்திவிட்டுக் கோசிம் மாமாவைத்தான் பார்த்தான்.

கோசிம் மாமா பச்சைமிளகாயை நிதானமாக நிறுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தியூர்மா அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் தியூர்மா, மண்டையில அடிபட்டு மறதி வந்த மாதிரி நடிக்கறதெல்லாம் வேணாம், தம்பி பயந்துடும்னு, நான் சொன்ன மாதிரி பஞ்சர் கடையையே வச்சு ஓட்டியிருந்தா, தம்பி நூறு நாளைக்கு உக்காந்து ஜம்முனு எழுதியிருக்கும்."